எப்போது வந்து சேரும்? சாலையோரத்தில் நம் கண் போடும் கணக்கு

(செமினியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மண்டபத்துக்குக் காரில் வந்தவர்கள் எல்லாரும் வழியில் ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். குடியிருப்புத் தாமானிலிருந்து ஜாலான் செமினிக்குள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முச்சந்தியில் கார் நிற்கிறது. வலது பக்கம் பார்க்கிறீர்கள். மண் ஏற்றிய லோரி ஒன்று வருகிறது, அதைப் போகவிடுகிறீர்கள். அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். "போயிடலாம்" என்கிறது மனசு. பிரேக்கிலிருந்து கால் விலகுகிறது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வினாடிகூட ஆகியிருக்காது. அந்த ஒரு வினாடிக்குள் கண்ணும் மூளையும் என்ன செய்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். ஆனால் சாலையோரத்தில் நிற்கும் மனிதனுக்கு யாரும் தூரத்தையும் தருவதில்லை, வேகத்தையும் தருவதில்லை. அவனிடம் இருப்பது கண்ணுக்குள் விழும் ஒரு சின்னப் படம் மட்டும். அதை வைத்துக்கொண்டு, வருவது எத்தனை வினாடியில் வந்து சேரும் என்று அவன் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறான். சில இடங்களில் மட்டும் தவறுகிறான், அதுவும் ஒரே மாதிரியாக, ஒரே பக்கமாகத் தவறுகிறான். அப்படித் தவறும் இடங்களில்தான் நம் நாட்டில் உயிர் போகிறது. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

விபத்துக்குப் பிறகு காரோட்டி சொல்லும் வாக்கியம் உங்களுக்குத் தெரியும். "பார்த்தேன், தூரமாத்தான் இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னே தெரியல." கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்பார்கள். பல சமயங்களில் அவர் சொல்வது அப்பட்டமான உண்மை என்பதே என் வாதம். அவர் பார்த்தார். தூரமாகத்தான் இருந்தது. எப்படி வந்தது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க இதைச் சொல்லவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்ற கவலையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. அசைவைப் பார்ப்பது மூளையில் தனி வேலை. நிறம், வடிவம் பார்ப்பதோடு சேர்ந்து தானாக வருவதல்ல. 1983ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிக் நகரில் யோசப் சீல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் பாதிப்பு. அவருக்குப் பார்வை இருந்தது, நிறம் தெரிந்தது, முகங்களை அடையாளம் கண்டார். அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்த பனி போல அந்தரத்தில் நிற்கும். நிரம்பி வழிவது தெரியாது. ஓர் அறையில் நான்கு பேர் நடமாடினால், இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருப்பார். சாலையைக் கடக்கவே அவருக்கு முடியவில்லை. கார் முதலில் எங்கோ தொலைவில் இருக்கும். கடக்கலாம் என்று நினைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும். கடைசியில் வண்டியின் இரைச்சல் கூடிவருவதைக் கேட்டு, காதால் தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார்.

அந்த அம்மாள் சொன்னதையும் நம் ஊர்க் காரோட்டி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூரத்தில் இருந்தது, பிறகு பக்கத்தில் இருந்தது, நடுவில் எதுவும் இல்லை. நல்ல கண்ணும் நல்ல மூளையும் உள்ள நாம்கூட, ஒரு குறிப்பிட்ட நிலையில், சில வினாடிகளுக்கு அவரைப் போலவே ஆகிவிடுகிறோம். அது எந்த நிலை?

உங்களுக்குக் குறுக்கே போகும் வண்டியின் வேகம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் மரம் இருக்கிறது, கடை இருக்கிறது, அவற்றைத் தாண்டி நகர்கிறது. ஆனால் உங்களை நோக்கி நேராக வருவது எங்கும் நகர்வதில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பெரிதாகிறது, அவ்வளவுதான். கப்பலோட்டிகளுக்கு இது பழைய பாடம்: எதிரே தெரியும் கப்பல் திசை மாறாமல் ஒரே இடத்தில் நின்று பெருத்துக்கொண்டே வந்தால், அது மோதும். முச்சந்தியை நோக்கி நீங்களும் மெதுவாக உருண்டு வரும்போது, முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் தூணுக்குப் பின்னால் ஒரு கப்சாய் முழுசாக மறைந்து, கடைசிவரை அங்கேயே தங்கிவிடுவதும் இதே காரணத்தால்தான். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

சரி, பெரிதாவதை வைத்து நேரத்தைச் சொல்ல முடியுமா? முடியும். தூரமும் தெரிய வேண்டாம், வேகமும் தெரிய வேண்டாம். இப்போது கண்ணில் தெரியும் அளவை, அது வினாடிக்கு எவ்வளவு பெருக்கிறது என்பதால் வகுத்துவிட்டால் மிச்ச நேரம் கிடைத்துவிடும். எதிரே வருவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பெருத்தால், இன்னும் பத்து வினாடி இருக்கிறது. ஒரு வினாடியில் இரண்டு மடங்கு ஆகிவிட்டால், இன்னும் ஒரே வினாடிதான். வருவது லோரியா, பந்தா, பறவையா என்று பார்க்க வேண்டியதில்லை. வேகம் மாறாமல் நேராக வர வேண்டும், அதுதான் நிபந்தனை.

இதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஃபிரெட் ஹாய்ல் என்ற வானியல் அறிஞர். 1957இல் வெளிவந்த 'கருமேகம்' என்ற அவருடைய அறிவியல் நாவலில், சூரியக் குடும்பத்தை நோக்கி ஒரு மேகம் வருகிறது. அது எப்போது வந்து சேரும் என்பதை, இடைவெளி விட்டு எடுத்த படங்களில் மேகம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்த்தே கணக்கிட்டுவிடுகிறார்கள். 1976இல் எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் லீ இதே கணக்கை நம் காலடிக்குக் கொண்டுவந்தார். முன்னால் போகும் காரைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போடுவது இப்படித்தான் என்றார். அந்த விகிதத்துக்கு 'டாவ்' என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார்கள். மீனைப் பிடிக்க உயரத்திலிருந்து கடலுக்குள் பாயும் கேனட் பறவைகள் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் சிறகை ஒடுக்கிக்கொள்கின்றன. அந்தக் கணத்தையும் இந்த விகிதமே தீர்மானிக்கிறது என்று 1981இல் லீயும் ரெடிஷும் எழுதினார்கள்.

கேட்க அழகான கணக்கு. ஆனால் பெருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தானே வகுக்க முடியும்?

பெருப்பதன் குணமே கூட்டு வட்டிக் கடனின் குணம். வெகு நேரம் ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். கடைசிக் கட்டத்தில் தலைக்கு மேல் போய்விடும். தொலைவில் இருக்கும் பொருள் அரைத் தூரத்தைக் கடந்து வந்தாலும் கண்ணில் இரண்டு மடங்குதான் ஆகிறது. மிச்சமிருக்கும் பாதியில்தான் எல்லாம் நடக்கிறது.

எண்களோடு பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் விஷயமே இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடியுங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பாகை. ஒரு கார் முன்பக்கம் 1.8 மீட்டர் அகலம். கப்சாயும் அதன்மேல் இருக்கும் ஆளும் சேர்ந்து, கைப்பிடியோடு, சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 100 மீட்டர் தொலைவில் வருகின்றன. இரண்டும் உங்களிடம் வந்து சேர ஆறு வினாடி. கார் உங்கள் கட்டைவிரலில் பாதி தெரியும். கப்சாய் ஐந்தில் ஒரு பங்கு.

இப்போது பெருப்பதைப் பாருங்கள். எதிரே வருவது வினாடிக்கு ஏறத்தாழ 0.17 பாகை, அதாவது கட்டைவிரல் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பெருத்தால்தான் அது நெருங்கும் வேகம் நம்மால் உணரத்தக்கதாகிறது. ஓட்டுநர்களை வைத்து ஹாஃப்மன், மார்ட்டிமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் கண்ட எல்லை இது. அதற்குக் கீழே போனால் வண்டி இருப்பது தெரியும், வருவதும் தெரியும், எவ்வளவு விரைவாக வருகிறது என்பது தெரியாது. நம் காரோ 100 மீட்டரிலேயே இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆறு வினாடி மிச்சம் இருக்கும்போதே உங்கள் கண் அதன் வேகத்தைப் பிடித்துவிடும். கப்சாய் இந்த எல்லையைத் தொட 62 மீட்டர் வரை நெருங்கி வர வேண்டும். அப்போது மிச்சம் 3.7 வினாடி.

ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே தூரம், ஒரே கண். ஆனாலும் கப்சாய்க்கு மிச்ச நேரம் இரண்டு வினாடிக்கும் மேலாகக் குறைந்துபோகிறது. வலப்பக்கம் திரும்பி எதிர்த்தடத்தில் சேர ஒரு காருக்கு நான்கைந்து வினாடி ஆகும். காரைப் பார்த்து முடிவெடுத்தால் கண் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. கப்சாயைப் பார்த்து முடிவெடுத்தால், பதில் வரும்போது நீங்கள் ஏற்கெனவே சாலையின் நடுவில் இருக்கிறீர்கள்.

கப்சாயில் வரும் பையன் 90இல் வந்தால்? எல்லையைச் சற்று முன்னதாக, 76 மீட்டரில், தொட்டுவிடுவான். ஆனால் மிச்ச நேரம் மூன்று வினாடியாகச் சுருங்கிவிடும். ஜாலான் செமினியில் இரவில் 90ஐத் தாண்டிப் போகும் இளைஞர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். தம்பிகளே, உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். வேகமாகப் போனால் உங்களால் நிறுத்த முடியாது என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: உங்கள் வேகம் எதிரே நிற்பவரின் கண்ணுக்குள் நுழையவே இல்லை. நீங்கள் 90இல் வருவது தெரிந்தும் அவர் குறுக்கே வந்தார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு நீங்கள் வெறுமனே ஒரு புள்ளி.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டாவ் கணக்கை மட்டும் மூளை நம்பியிருந்தால், எல்லையைத் தாண்டிய பிறகாவது காருக்கும் கப்சாய்க்கும் ஒரே விடை வர வேண்டும். வருவதில்லை. 1991இல் அமெரிக்காவின் பட்ரிசியா டெலூசியா கணினித் திரையில் இரண்டு பொருள்களை நெருங்கவிட்டார். பெரியது தொலைவில், சிறியது பக்கத்தில். சிறியதுதான் முதலில் வந்து சேரும். ஆனால் பார்த்தவர்கள் பெரியதுதான் முதலில் வரும் என்றார்கள். உருவம் பெருக்கும் விகிதத்தோடு, அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் மூளை சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது. 2005இல் ஹார்ஸ்வில்லும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதையே சாலையில் எடுத்த காணொளிகளை வைத்துப் பார்த்தார்கள். கார், வேன் வந்து சேர்வதைவிட மோட்டார் சைக்கிள் தாமதமாக வந்து சேரும் என்றே மக்கள் கணித்தார்கள்.

பொதுவாக மனிதனுக்கு ஒரு காப்பு உண்டு. வரும் பொருளை நடுவில் மறைத்துவிட்டு, எப்போது வந்து சேரும் என்று கேட்டால், பெரும்பாலோர் உண்மையைவிட முன்னதாகவே சொல்வார்கள். முன்னதாகச் சொன்னால் ஒதுங்கிக்கொள்வோம், பிழைத்துக்கொள்வோம். சிறிய உருவத்துக்கு இந்தக் காப்பு மெலிந்துவிடுகிறது. லோரியைப் பார்த்துப் பயந்து நிற்கிறவர் கப்சாயைப் பார்த்துப் புறப்படுவதில் துணிச்சலும் இல்லை, அலட்சியமும் இல்லை. லோரியின் உருவம் கொடுத்த எச்சரிக்கையைக் கப்சாயின் உருவம் கொடுக்கவில்லை.

"சதா மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருக்கும் மலேசியனுக்கு இது பழகியிருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதில் எனக்குப் பெருமை. 2005 முதல் ஜாலான் புரோகாவில் இருக்கும் நோட்டிங்ஹம் பல்கலைக்கழக மலேசிய வளாகம் உங்களுக்குத் தெரியும். அந்த மணிக்கூண்டை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கிருந்து லீ (முன்பு சொன்ன டேவிட் லீ அல்ல), எலிசபெத் ஷெப்பர்ட் ஆகியோரும் இங்கிலாந்திலிருந்து டேவிட் கிரண்டாலும் சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முச்சந்தியில் நின்று பார்ப்பது போன்ற படங்களை மலேசிய ஓட்டுநர்களுக்கும் பிரிட்டிஷ் ஓட்டுநர்களுக்கும் காட்டி, வண்டி வருகிறதா, இப்போது புறப்படலாமா என்று கேட்டார்கள். தொலைவில் வரும் மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடிக்க, பழக்கம் நமக்கு ஒரு சலுகையும் தரவில்லை. புறப்படலாமா என்ற கேள்விக்கு, பிரிட்டிஷ் ஓட்டுநர்களைவிட நம்மவர்கள் அதிகமாக "போகலாம்" என்றார்கள்.

இந்த முடிவைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பழகப் பழகக் கண் கூர்மையாகும் என்று நம்பியிருந்தோம். கண் கூர்மையாகவில்லை, துணிவு மட்டும் கூடியிருக்கிறது. நூறு முறை "போயிடலாம்" என்று புறப்பட்டு நூறு முறையும் எதுவும் ஆகாமல் போனால், கணிப்பு சரியாக இருந்தது என்றே மனம் முடிவுகட்டும். அதில் எத்தனை முறை கப்சாய்க்காரர் பிரேக்கை அழுத்தி நம்மைக் காப்பாற்றினார் என்ற கணக்கு நம் கைக்கு வருவதே இல்லை.

பூப்பந்து ஆடும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். "எதிராளி அடிக்கும் ஸ்மாஷையே எடுக்கிறோமே, கப்சாய் என்ன பிரமாதம்" என்று அவர்களுக்குத் தோன்றும். நம் டான் பூன் ஹியோங் 2013இல் ஒரு சோதனையில் 493 கிலோமீட்டர் வேகத்தில் இறகுப்பந்தை அடித்தார். 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் 565ஐத் தொட்டார். அந்த வேகத்தைக் கண்ணால் அளந்து யாரும் எடுப்பதில்லை. அடிப்பதற்கு முன்பே எதிராளியின் கையையும் மட்டையையும் பார்த்து எங்கே வரும் என்று படித்துவிடுகிறார்கள். சாலையில் வரும் கப்சாய்க்கு அப்படி முன்னறிவிக்கும் தோள் கிடையாது.

சிறியது தாமதமாக வருவதுபோல் தெரிந்தால், மிகப் பெரியது வேகமாக வருவதுபோல் தெரிய வேண்டும் அல்லவா? இங்கே கண் இன்னொரு பக்கமாகச் சறுக்குகிறது. சிப்பாங்கில் தரையிறங்கும் பெரிய விமானத்தைப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இறங்குகிறது. ஆனால் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும். பெரிய உடல், தன் நீளத்தைத் தானே கடக்க நேரமெடுத்துக்கொள்கிறது. அதனால் மெதுவாகப் போவதுபோல் தோன்றுகிறது. 1985இல் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ரயில் பாதைக் கடவைகளில் நடக்கும் விபத்துகளுக்கு இது ஒரு காரணம் என்று எழுதினார். ரயிலை எல்லாரும் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரியதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அது அசைந்து அசைந்து வருவதாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த பெரியவர்கள் பிள்ளைகளைத் தண்டவாளப் பக்கமே விடாமல் அதட்டியதில் எவ்வளவு அறிவு இருந்தது என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். இன்று காஜாங் வழியாக ஓடும் இடிஎஸ் ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. தண்டவாளத்தைத் தாண்டிக் குறுக்குவழி தேடும் எவருடைய கண்ணும் அந்த வேகத்தைச் சொல்லாது.

கண் களைத்துப்போவதும் ஒன்று உண்டு. சுங்கை தெக்காலா நீர்வீழ்ச்சிக்கு அடுத்த முறை போகும்போது, விழும் நீரை ஒரு நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு எழுதிவைத்தார். ஒரே திசை அசைவைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தத் திசைக்கான நரம்பணுக்கள் சோர்ந்துபோகின்றன. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் 110இல் ஓட்டிவிட்டு லெக்காஸ் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் செமினிக்குள் நுழைபவருக்கு, 70 என்பது ஊர்ந்து போவதுபோல் இருப்பது இதனால்தான். வேகமானியின் முள்ளைப் பார்க்காமல் உடம்பை நம்பினால், ஊருக்குள் நெடுஞ்சாலை வேகத்தில்தான் இருப்பீர்கள். சாலையின் குறுக்கே பூசியிருக்கும் மஞ்சள் பட்டைகள் இந்தச் சோர்வுக்கு எதிராகப் போட்டவை. எரிச்சல் படாமல் அவற்றுக்குக் கட்டுப்படுங்கள்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். 1992இல் மலேசியா மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பகலிலும் முன்விளக்கைப் போடச் சொன்னது. அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். புத்ரா பல்கலைக்கழகத்தின் ராடின் உமாரும் அவருடன் சேர்ந்தவர்களும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு விளக்கைப் போட்டதால் வந்த பலன் இது. 

ஆனால் அந்த விளக்கு எதைக் குணப்படுத்துகிறது, எதைக் குணப்படுத்தவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முச்சந்தி விபத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, கப்சாய் கண்ணில் படாதது. மற்றொன்று, கண்ணில் பட்டும் எப்போது வரும் என்று தவறாகக் கணிப்பது. விளக்கு முதல் நோய்க்கு மருந்து. இரண்டாவதற்கு அது போதாது. இரவில் நிலைமை இன்னும் மோசம். இருட்டில் காருக்கு இரண்டு விளக்குகள் தெரியும். நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி விரிகிறது. அதைக் கண் பிடித்துக்கொள்ளும். கப்சாய்க்கு ஒரே ஒரு விளக்கு. விரிய எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜான் வான் என்ற ஆய்வாளருடைய குழு 2012இல் இதைச் சோதித்தது: ஒற்றை விளக்கோடு வரும் மோட்டார் சைக்கிளின் வேகத்தை இரவில் மக்களால் சரியாகக் கணிக்க முடியவில்லை. முக்கோணமாக மூன்று விளக்குகள் இருந்தபோது கணிப்பு மேம்பட்டது. கைப்பிடியின் இரு முனைகளிலும் சிறு விளக்குகள் வைப்பது பெரிய செலவு இல்லை. இங்கே காஜாங்கில் 2007 முதல் இயங்கும் மீரோஸ், நம் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம், இதை முன்னெடுத்துச் செல்லலாம் என்பது என் விண்ணப்பம். இன்னொரு காரணமும் உண்டு: இப்போது புதிய கார்கள் பலவும் பகலிலேயே விளக்கோடு ஓடுகின்றன, அதனால் மோட்டார் சைக்கிளின் விளக்கு தனித்துத் தெரிவது குறைகிறது என்று பிரான்சில் காவல்லோவும் பின்ட்டோவும் 2012இல் காட்டினார்கள். 1992இல் வாங்கிய பலன் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது.

மழை, மூட்டம் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. காட்சி மங்கினால் வேகம் குறைவாகத் தெரியும், அதனால் ஓட்டுநர் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டுவார் என்றது 1998இல் வந்த ஓர் ஆய்வு. உண்மையான மூடுபனியில் தொலைவு மட்டும்தான் அதிகம் மங்குகிறது, அப்போது வேகம் கூடுதலாகத் தெரிந்து ஓட்டுநர் மெதுவாகிறார் என்றது 2012இல் வந்த மற்றோர் ஆய்வு. பிற்பகல் இடிமழையில் முச்சந்தியில் நிற்கிறவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. பார்வை எட்டும் தூரம் 60 மீட்டராகக் குறைந்துவிட்டால், மேலே சொன்ன 3.7 வினாடிகூட அவர் கையில் இல்லை.

இதுவரை காரில் இருப்பவரைப் பற்றியே பேசினேன். நடப்பவரைப் பற்றிப் பேசாமல் முடிக்க எனக்கு மனம் வராது.

2011இல் ஜான் வானும் அவருடைய குழுவும் ஆறு முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளைச் சோதித்தார்கள். கார் ஐந்து வினாடி தொலைவில் இருக்கும்போது, மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் போனால் அது நெருங்குவதைப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியவில்லை. பிள்ளைகளின் கண்ணில் குறை இல்லை. பெருப்பதை உணரும் திறன் அந்த வயதில் இன்னும் முதிரவில்லை. நம் பள்ளி வட்டாரங்களில் 30 என்று பலகை நட்டிருப்பது எவ்வளவு சரியான எண் என்று பாருங்கள். அந்தப் பலகையைத் தாண்டி 60இல் போகிறவருக்கு முன்னால் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை நின்றால், அந்தக் கார் அதன் கண்ணுக்கு நின்றுகொண்டிருக்கும் கார். "ரெண்டு பக்கமும் பார்த்துட்டுக் கடக்கணும்" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்கும். பார்த்துவிட்டுத்தான் கடக்கும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கீழ்ப்படியவில்லை என்று எந்த விபத்துக்குப் பிறகும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

மூத்தவர்களுக்கு வேறு மாதிரி. எத்தனை வினாடியில் வரும் என்று பார்க்காமல், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலோர் கடக்கிறார்கள் என்று ஆஸ்திரேலியாவில் ஆக்ஸ்லியின் குழு 2005இல் காட்டியது. இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். இளையவர் ஓடித் தப்பித்துக்கொள்வார், மூத்தவரால் ஓட முடியாது. காலையில் செமினி பசாருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கையில் கீரைக்கட்டோடு ஒரு பாட்டி நிற்பார். சாலை காலியாகும்வரை பொறுமையாக நிற்பார். அவர் அவசரக்காரர் இல்லை. தூரத்தில் வரும் கப்சாயைப் பார்ப்பார், "தூரமாத்தான் வருது" என்று இறங்குவார். நடுக்கோட்டைத் தொடும்போது ஹாரன் அடிக்கும். பாட்டி திகைத்து நிற்பார். முன்னால் போவதா, பின்னால் போவதா என்று தெரியாது.

அவருக்கு நாம் செய்யக்கூடிய ஒன்றைக் கணக்கோடு சொல்கிறேன். இரு தடச் சாலை ஏழு மீட்டர் அகலம். மூத்தவர் நடை வினாடிக்கு 0.9 மீட்டர் என்று வைத்தால் முழுச் சாலையைக் கடக்க எட்டு வினாடி. எட்டு வினாடிக்கு முன்னால் கப்சாயின் வேகத்தைச் சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது. சாலையின் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டிவிட்டால், ஒரு நேரத்தில் பாதிச் சாலைதான். நான்கு வினாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் 60இல் வரும் கப்சாயின் வேகத்தைக் கண் உணர்வது 3.7 வினாடியில், அதுவும் கொஞ்சம் போதாது. அதே சாலையில் வேகம் 40ஆகக் குறைந்தால், 4.6 வினாடி மிச்சம் இருக்கும்போதே கண் பதில் சொல்லிவிடும். பாட்டி திட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். திட்டு மட்டும் போதாது, வேகக் குறைப்பு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால் மனிதக் கண்ணின் எல்லைக்குள் சாலை வந்துவிடுகிறது.

1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போட்டவர்கள் நாம். அது நீட்டிக்கப்பட்டபோது விபத்து 39 விழுக்காடு குறைந்ததாக ராடின் உமார் 1995இல் எழுதினார். அங்கே யாருடைய கண்ணும் திறமை காட்ட வேண்டியிருக்கவில்லை. கணிக்க வேண்டிய தேவையையே சாலை எடுத்துவிட்டது. செமினி அப்போது பால்மரக் காடு. தோட்டத்து ஆள்கள் சைக்கிளில் போன சாலை. இன்று இருபக்கமும் தாமான்கள். ஒவ்வொரு தாமான் வாசலும் ஒரு முச்சந்தி. பல வாசல்களில் சமிக்ஞை விளக்கு இல்லை. தினமும் காலையில் ஆயிரக்கணக்கானோர், கண்ணால் முடியாத ஒரு கணக்கைக் கண்ணால் போட்டுக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறார்கள்.

காஜாங் நகராண்மைக் கழகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுத ஒரு மனுவை இங்கே மேசையில் வைத்திருக்கிறேன். பசார் பக்கத்தில் நடுத்திட்டும், 40 கிலோமீட்டர் வேக வரம்பும், வலப்பக்கம் திரும்பும் முச்சந்திகளில் சமிக்ஞை விளக்கும் கேட்டிருக்கிறோம். நான் சொன்ன எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால், போகும்போது கையெழுத்திடுங்கள். உங்கள் தாமான் வாசல் பட்டியலில் விட்டுப்போயிருந்தால், அதன் பெயரையும் எழுதிச் சேருங்கள்.